திருப்பி வைத்த தொட்டி

வெள்ளிக்கிழமை நீங்கள் மூன்று பேரும் திருச்சியில் ரயில் ஏறுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும், நைனா. அதற்காகத்தான் தபால் பெட்டியை நம்பாமல் கூரியர் கடைக்கு நானே போகப் போகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். மூன்று தடவை போனைக் கையில் எடுத்தேன். மூன்று தடவையும் உன் பாப்பாவின் சத்தம் கேட்டதும் வேறு எதையோ பேசிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் அப்படி மழுப்ப முடியாது. விஷயம் இதுதான். மொட்டை மாடியில் இருக்கும் உன் கறுப்புக் குடுவைச் செடியை வாரா வாரம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாய். நான் அனுப்பிய கடைசி ஐந்து போட்டோவும் பொய். அந்தப் போட்டோக்களை நம்பித்தான் நீ பாப்பாவை இங்கே கொண்டுவந்து வளர்ப்பதென்று முடிவு செய்தாய்.

இதையே இன்னொரு பிரதி எழுதி, நம் தெருமுனைப் படிப்பகத்தில் பேப்பர் போடும் மேஜைக்கு மேலே ஒட்டச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். அப்பன் மகனுக்கு எழுதுவதை ஊர் படிப்பதா என்று உன் அம்மா கோபப்பட்டாள். ஊரையும் சேர்த்துத்தானே ஏமாற்றினேன், ஊரும் படிக்கட்டும் என்றேன். அதனால் உனக்கு ஏற்கெனவே தெரிந்த சிலவற்றையும் விவரமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊருக்குத் தெரியும். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் முப்பது வருஷம் கேஸ் கட்டர் பிடித்தவன் பயப்படலாமா என்று சிரிப்பார்கள். கட்டர் பிடித்தவனுக்குத்தான் பயம் அதிகம். எந்த டிரம்முக்குள் என்ன மிச்சம் இருக்கிறது, எந்தக் குழாய் வெடிக்கும் என்று தெரியாமல்தான் நெருப்பை வைக்கிறோம். நிறத்தைப் பார்த்துப் பிழைப்பதுதான் எங்கள் வேலை. இரும்பு சூடேறும்போது வைக்கோல் நிறம் வரும், அப்புறம் கத்தரிப்பூ, அப்புறம் நீலம். நீ ஐந்தாவது படிக்கும்போது அந்த நீலம் ஓடிய துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். நீ அதை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து நிறம் போய்விட்டது என்று அழுதாய். சூட்டில் வந்த நிறம் மேல்தோலில்தான் இருக்கும், உள்ளே இருக்காது என்று அன்றைக்குச் சொன்னேன். பிற்பாடு செடிகளைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுத்தபோது அந்தத் துண்டைத்தான் உதாரணம் காட்டினாய். எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னொன்றும் உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் அர்த்தம் தெரியாது. ஒருநாள் துத்தநாக முலாம் பூசிய தகடுகளை வெட்டச் சொன்னார்கள். வெட்டினால் வெள்ளை வெள்ளையாகப் புகை வரும். கூடாது என்று தெரியும், வெட்டினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. நீ என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மழையில் நனைந்துவிட்டேன், காய்ச்சல் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு மழையே இல்லை. புகை என்று சொன்னால் வேலையை விடச் சொல்வாள் என்று பயம். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை அப்படி ஆனது, அப்போதும் காய்ச்சல்தான். பயத்தில் கத்துவதும் பயத்தில் வாயை மூடிக்கொள்வதும் எனக்கு ஒரே சுலபத்தில் வரும். இந்த இரண்டையும்தான் இந்தச் செடி விஷயத்திலும் செய்திருக்கிறேன்.

செடி வந்த கதை. காலேஜில் தாவரவியல் எடுத்தபோது உங்களை மேகாலயா மலைக்கு அழைத்துப்போனார்கள். திரும்பி வந்து ஒரு வாரம் நீ வேறு எதையும் பேசவில்லை. இலை நுனியில் சொம்பு தொங்குகிறது, அதற்குள் தண்ணீர் இருக்கிறது, எறும்பும் ஈயும் வழுக்கி விழுந்து செத்துப்போனால் செடி அதைக் கரைத்துச் சாப்பிட்டுவிடுகிறது என்றாய். மண்ணில் சத்து இல்லாத இடத்தில் பிழைக்க அது கண்டுபிடித்த வழி என்றாய். அங்கிருந்து ஒன்று பிடுங்கி வந்திருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, அப்படிப் பிடுங்கிப் பிடுங்கித்தான் மலையில் குறைந்துபோனது, பிடுங்கினால் ஜெயில் என்று திட்டினாய். விதையிலிருந்து வளர்த்து விற்கும் ஒருவரிடம் மூன்று நாற்று வாங்கி வந்தாய். மூன்றும் ஒரே காயில் பிறந்தவை. போர் தண்ணீர் ஊற்றினால் உப்பில் செத்துவிடும், முதல் மழைத் தண்ணீர் கரி, அதை விட்டுவிட்டு இரண்டாவது மழையைப் பிடி, இல்லாவிட்டால் கேன் தண்ணீர் ஊற்று என்று சட்டம் போட்டாய். மனுஷனுக்குக் குழாய்த் தண்ணி, இந்தச் சொம்புச் செடிக்கு மட்டும் கேன் தண்ணியா என்று உன் அம்மா ஒரு மாதம் புலம்பினாள். நீ ஓசூரில் அந்த நாற்று லேபுக்கு வேலைக்குப் போனபோது மூன்று தொட்டியும் என் தலையில் விழுந்தன. தொட்டிகளில் வடக்குப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போனாய். வெளிச்சம் பார்த்து வளரும் செடி, தொட்டியைத் திருப்பாதீர்கள், கோடு எப்போதும் வடக்கே இருக்கட்டும் என்றாய்.

அப்போது மூன்றும் பச்சைதான். பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகையின் நிழல் பாதி நாள் நம் மாடியில் விழுந்துகொண்டிருந்தது. குடுவைகளின் வாயோரம் மட்டும் வெற்றிலை போட்ட மாதிரி கொஞ்சம் சிவப்பு. கார்த்திகைப் புயலில் அந்தக் கொட்டகை பறந்து எங்கேயோ போனது. அப்புறம் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மாதம் மாடி ஏறவில்லை. உன் அம்மாதான் தண்ணீர் ஊற்றினாள். அவள் ஊற்றுவாள், பார்க்க மாட்டாள். மாசியில் ஒருநாள் காலையில் நான் மெதுவாகப் படியேறிப் போனேன். முதல் தொட்டியில் குடுவைகள் சிவந்து கிடந்தன. இரண்டாவது எப்போதும் போலப் பச்சை. மூன்றாவதில் தொங்கிய அத்தனை குடுவையும் கறுப்பு. கருகின கத்தரிக்காய்க் கறுப்பு. அந்த நேரம் பார்த்து மூக்கில் ஏதோ காரமாக ஏறியது.

சென்னையின் வடக்குக் கோடியில் இருக்கும் நம் பக்கத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. அதற்கு முன்னால் ஒருமுறை கேஸ் கசிந்து, முகத்தில் துணியை வைத்துக்கொண்டு ஜனம் ஓடியது. அதிலிருந்து நம் தெருவில் வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து, வீட்டில் ஆள் எத்தனையோ அத்தனை துண்டு தொங்கும். கீழே ஒரு பக்கெட் தண்ணீர். துண்டு காயக் காய நனைத்துப் போடுவார்கள். ஓடும்போது தேடிக்கொண்டிருக்க முடியாதல்லவா. விருந்தாளி வந்தால்கூட ஒரு துண்டு கூடும். மூலைக்கு மூலை ஒரு புகைபோக்கி இருக்கும் இடத்தில், எந்தக் கம்பெனி எப்போது என்ன விடும் என்று யாருக்குத் தெரியும்? இலை வழியாகவே சாப்பிடுகிற செடி, காற்றில் எது வந்தாலும் முதலில் அதற்குத்தான் தெரியும் என்று நீ விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனது என் மண்டையில் உட்கார்ந்திருந்தது. அதனால் கறுப்பைப் பார்த்ததும் யோசிக்கவில்லை. மாடியிலிருந்தே கேஸ், கேஸ் என்று கத்தினேன்.

தெரு முழுக்க ஓடியது. அடுப்பில் பால் பொங்க விட்டுவிட்டு, குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு பஸ் ரோடு வரைக்கும் போனார்கள். எதிர்வீட்டு மாடியில் தையல் மிஷின் போட்டிருக்கிற செல்வி, மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது படியில் வழுக்கி விழுந்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. காரமாக ஏறியது அடுத்த தெருவில் யாரோ தொட்டி கழுவ ப்ளீச்சிங் பவுடர் கொட்டியது என்று பத்து மணிக்குத் தெரிந்தது. கூட்டம் என்னைப் பார்த்தது. நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். செல்வி மூன்று மாதம் மிஷின் பக்கம் போக முடியவில்லை.

அன்று மத்தியானம் நீ போனில் அரை மணி நேரம் சிரித்தாய். அப்புறம் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகச் சொன்னாய். குடுவைக்குள் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளிருந்து வெளிச்சம் அடித்துப் பார் என்றாய். பார்த்தேன். கறுப்பே இல்லை. பீட்ரூட் தண்ணீரின் சிவப்பு, அத்தனை அடர்த்தியாக இருந்ததால் வெளியே கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. கொட்டகை போனதும் வெயில் விழுந்தது, வெயில் விழுந்ததும் செடி தன்னைக் காத்துக்கொள்ள இந்தச் சாயத்தை ஏற்றிக்கொண்டது என்றாய். பூச்சியை இழுக்கத்தான் கறுக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு, அது இன்னும் முடிவாகவில்லை என்றாய். மலையிலும் அப்படித்தானாம். வெட்டவெளிச் சரிவில் நிற்பது சிவந்து கிடக்கும், மரத்தடியில் நிற்பது பச்சையாக இருக்கும். ஆனால் ஒரே வெயிலில் நின்றும் ஒன்று கறுக்கும், ஒன்று கறுக்காது, அது பிறப்பில் வருவது. வளர்க்கிறவர்கள் அப்படிப் பிறப்பிலேயே கறுக்கிறதாகப் பார்த்துப் பொறுக்கி, கறுப்போடு கறுப்பைச் சேர்த்து விதை எடுத்து, இன்னும் கறுப்பாக்குகிறார்களாம். நம் மூன்றாவது தொட்டி தற்செயலாக அப்படி வாய்த்தது என்றாய். அப்பா, அது நோயில்ல, அது நல்லா கீதுன்னு அர்த்தம் என்று நீ சொன்னபோது எனக்கு வெட்கத்தில் உயிர் போனது.

அதன்பிறகு தெருவில் என் பெயரே மாறிப்போனது. தண்ணீர் லாரிக்கு நின்றால் கேலி, டீக்கடைக்குப் போனால் கேலி. செல்வி கையில் கட்டோடு மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பாள், "இன்னா அண்ணாத்த, செடி இன்னா சொல்லுது? ஓடட்டா, உலை வெக்கட்டா?" அவள் கேட்கலாம், அவளுக்கு அந்த உரிமை உண்டு. நானும் சிரித்துக்கொள்வேன். ஆனால் மனசுக்குள் ஒரு சத்தியம் செய்துகொண்டேன், இனி செத்தாலும் கத்துவதில்லை என்று. அந்தச் சத்தியம்தான் நான் செய்த முதல் தப்பு.

பாப்பா பிறந்தாள். உன் பெண்டாட்டி ரேவதி திருச்சியில் அவள் அம்மா வீட்டில் இருந்தபோதே நீ சொல்லிவிட்டாய், சென்னையிலேயே வேலை கிடைக்கிறது, ஐந்தாம் மாதம் முடிந்ததும் குழந்தையை நம் வீட்டுக்கே கொண்டுவருகிறோம், மாடி அறையில் இருந்துகொள்கிறோம், ரேவதி மறுபடி ஸ்கூல் வேலைக்குப் போகும்போது நீங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அன்றைக்கு நானும் உன் அம்மாவும் பேசவே இல்லை. பேசினால் கலைந்துவிடுமோ என்று பயந்த மாதிரி ஆளுக்கொரு வேலையைப் பார்த்தோம். மறுநாளே நான் மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன், உத்தரத்தில் தூளிக்குக் கொக்கி போட்டேன். ஆனால் ரேவதிக்குப் பயம். நம் பக்கத்துக் காற்றைப் பற்றி டிவியில் பார்த்திருக்கிறாள். அவள் பயந்தது நியாயம். நீதான் அவளைச் சமாதானப்படுத்தினாய். மூன்று மாதம் வாரா வாரம் செடியின் போட்டோ வரும், புதுக் குடுவை ஒழுங்காக வந்தால் காற்று மோசமில்லை, அப்போது போகலாம் என்று. செடி ஒன்றும் மீட்டர் இல்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னாய். ஆனாலும் போட்டோவுக்காகக் காத்திருந்தாய். ஏழு போட்டோ ஒழுங்காக அனுப்பினேன். ஏழும் நிஜம். கறுகறுவென்று பளபளப்பாக, யானைத் தந்தத்துக்கு மை பூசின மாதிரி குடுவைகள். ரேவதி அழகா இருக்கு மாமா என்று எழுதினாள்.

எட்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை விடிந்தபோது தெருவில் ஒரு மங்கல் இருந்தது. பனி என்று நினைத்தேன். நாக்கில் செம்புக் காசு வைத்த மாதிரி ஒரு ருசி. தொண்டை கமறியது. எட்டு மணிக்குள் கலைந்துவிட்டது. பதினோரு மணிக்கு மாடிக்குப் போனேன். கறுப்புத் தொட்டியைப் பார்த்து முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது, கறுப்பாகவே இருந்தது. சுற்றி வந்து வடமேற்குப் பக்கம் பார்த்தேன். அந்தப் பக்கத்துக் குடுவைகள் எல்லாம் வெந்து கிடந்தன. பழைய குடுவை எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியும். மூடியிலிருந்து கீழ்நோக்கி, ஒவ்வொன்றாக, மெல்ல மெல்லக் காயும். இது அப்படி இல்லை. நேற்றுத் திறந்த குடுவையும் போன மாதத்துக் குடுவையும் ஒரே நாளில், ஒரே பக்கத்தில், பழுப்பாகிச் சுருங்கியிருந்தன. பச்சைத் தொட்டியும் அதே பக்கத்தில் போயிருந்தது. உன் அம்மாவின் கறிவேப்பிலைச் செடியில் அந்தப் பக்கத்து இலைகளுக்கு விளிம்பு கருகியிருந்தது. வெயில் ஏற்றிய கறுப்புக்கும் காற்று சுட்ட பழுப்புக்கும் வித்தியாசம் இப்போது எனக்கு நன்றாகவே தெரிந்தது. நீ கற்றுக்கொடுத்ததுதான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

நின்றுகொண்டே இருந்தேன். மறுநாள் போட்டோ நாள், எப்போதும் வடக்கே நின்று கோடு தெரிகிற மாதிரிதான் எடுப்பேன். மாடி அறையின் ஜன்னல் வழியே தூளிக் கொக்கி தெரிந்தது. என்ன செய்தேன் தெரியுமா? தொட்டியைத் திருப்பி வைத்தேன். நல்ல பக்கம் போட்டோவுக்கு வருகிற மாதிரி. திருப்பியதும் நீ போட்ட வெள்ளைக் கோடு தெற்கே வந்துவிட்டது, போட்டோவில் நீ கண்டுபிடித்துவிடுவாய். ஈரத்துணியும் தேங்காய் நாரும் கொண்டு அதைத் தேய்த்து எடுத்தேன். பழைய வேலைப் பையிலிருந்து பெயின்ட் மார்க்கரை எடுத்து, வடக்குப் பக்கம் அதே அகலத்தில், அதே உயரத்தில் புதுக் கோடு போட்டேன். முப்பது வருஷம் இரும்பில் கோடு போட்ட கை, ஒரு நூல் பிசகவில்லை. கறிவேப்பிலையில் கருகினதைக் கிள்ளி எறிந்தேன். மறுநாள் போட்டோ அனுப்பினேன். சூப்பர்பா என்று நீ பதில் போட்டாய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே செல்வி மாடியிலிருந்து கூப்பிட்டாள். இந்த முறை அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "அண்ணாத்த, காலைலேர்ந்து தொண்ட எரிஞ்சிகினு கீது. புள்ள வேற இருமிகினே கீது. மெய்யாலுமே கேக்கறேன், செடி எப்டி கீது?" என்றாள். கேலி செய்த வாயால் அவள் அப்படிக் கேட்க எவ்வளவு பயந்திருக்க வேண்டும். என் மகன் குடும்பத்தோடு வரப்போகிறான், இந்த நேரத்தில் தெரு கலவரப்பட்டால் செய்தி ரேவதி வரைக்கும் போகும் என்று எனக்குள் ஓடியது. அதோடு மறுபடியும் ஊர் சிரிக்குமோ என்றும் ஓடியது. "அதெல்லாம் ஒண்ணியும் இல்ல செல்வி. செடி நல்லா தான் கீது" என்றேன். அவள் நிம்மதியாக உள்ளே போய் ஜன்னலைத் திறந்து போட்டாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் காலையில் அதே மங்கல் வந்தது. மூன்றாம் நாள் அவள் மகளுக்கு மூச்சு இழுத்தது. பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்து மூக்கில் புகை மருந்து கொடுத்து அனுப்பினார்கள். குழந்தை இப்போது ஓடி விளையாடுகிறது. நான்தான் அந்தக் குழந்தை மாடியில் இருமும்போதெல்லாம் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எண்ணுகிறேன், எத்தனை தடவை இருமுகிறது என்று.

உனக்குச் சொல்லாத இன்னும் இரண்டு விஷயம். உன் அம்மா போனில் பேசும்போது நடுவில் நான் வாங்கிப் பேசுவேனே, அது அவளுக்கு இருமல் வரும் நேரம். எனக்கும் மாடிப்படி பாதியில் மூச்சு நிற்கிறது. டாக்டர் உறிஞ்சுகிற மருந்து ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார், அது அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. நீ வரும்போது கண்ணில் படக் கூடாது என்று நானே அங்கே வைத்தேன். வயதாகிவிட்டது, பீடி பிடித்த உடம்பு, எங்களுக்கு என்ன வந்தாலும் வயது என்று சொல்லிக்கொள்ளலாம். ஐந்து மாதக் குழந்தைக்கு என்ன காரணம் சொல்வது? அதன் மார்புக்கூடு என் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. போன வாரம் நீ அனுப்பிய வீடியோவில் அது தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதைப் பத்து தடவை போட்டுப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் பயம்தான் கூடியது. பாப்பா நம் நிறத்தில், நல்ல கறுப்பாகப் பிறந்திருக்கிறாள் என்று ரேவதி வீட்டில் யாரோ குறைப்பட்டுக்கொண்டதாகச் சொன்னாய். அந்தக் கறுப்புக்கு ஒரு குறையும் வராது. அவள் மூச்சை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

அப்படியும் நான் சொல்லியிருக்க மாட்டேன். நான் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வந்து இறங்கும்வரை ஒவ்வொரு வாரமும் தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது வாசல் ஆணியைப் பார்த்தேன். எப்போதும் இரண்டு துண்டு தொங்கும். அன்று ஐந்து தொங்கின. உனக்கு ஒன்று, ரேவதிக்கு ஒன்று, கடைசியில் ஒன்று என் கை அளவு. உன் அம்மா மெல்லிய பூந்துவாலையைக் கிழித்து ஓரம் அடித்திருந்தாள். நான் அதைத் தொட்டேன். ஈரமாக இருந்தது. "பாப்பா மொகத்துக்குப் பெரிய துண்டு தாங்காது. அதான் கிழிச்சேன்" என்று உள்ளேயிருந்து சாதாரணமாகச் சொன்னாள், குல்லா தைத்தேன் என்று சொல்கிற மாதிரி. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவளிடம்தான் முதலில் சொன்னேன், தொட்டி, கோடு, கறிவேப்பிலை எல்லாம். அவள் எழுந்து போய்ப் பேப்பரும் பேனாவும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அப்புறம், எழுது என்றாள்.

நேற்று செல்வியிடம் போனேன். மிஷினில் உட்கார்ந்திருந்தாள், நிறுத்தவில்லை, காலால் மிதித்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் நிறுத்தினாள். "அன்னிக்கிக் கத்தி என் கைய ஒடச்ச. பரவால்ல, கூடிடுச்சு. இந்த வாட்டி தெரிஞ்சிகினே வாய மூடிகினு இருந்தியே அண்ணாத்த, அத்த இன்னான்னு சொல்றது?" என்றாள். திட்டு என்றேன். திட்டினாள், அதை இங்கே எழுத முடியாது. எழுந்து வரும்போது கூப்பிட்டுச் சொன்னாள், "இனிமே மூக்குல இன்னா ஏறினாலும் கத்து. பொய்யா இருந்தாலும் கத்து. நாங்க உன்னத் திட்டிகினே ஓடியாறோம்." அவள் மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

அதனால், நைனா, வெள்ளிக்கிழமை ரயில் ஏறாதே. டிக்கெட்டை ரத்து செய். ஓசூர் வீட்டை இன்னும் காலி செய்யவில்லை அல்லவா, அதிலேயே இருங்கள். அந்த வேலையை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்திருந்தால் மானம் பார்க்காமல் போய்த் திரும்ப வாங்கு. ரேவதியிடம் இந்தக் கடிதத்தை அப்படியே கொடு, நடுவில் ஒரு பக்கத்தையும் எடுத்து வைக்காதே. மாமா பொய் சொன்னார் என்று அவள் தெரிந்துகொள்ளட்டும். நீ என்னை மாதிரி நல்ல பக்கத்தை மட்டும் காட்டிக் குடும்பம் நடத்தாதே. பெண்டாட்டிக்குப் பயம் வந்தால் சமாதானம் சொல்லாமல் அவளோடு சேர்ந்து நீயும் கொஞ்சம் பயப்படு. எங்களை இங்கேயிருந்து கிளம்பி வரச் சொல்லி நீ போன் செய்வாய் என்று தெரியும். நாற்பது வருஷ வீடு, ஒரு வார்த்தையில் கிளம்ப வராது, அதை நேரில் பேசுவோம். பாப்பாவைப் பார்க்க நாங்களே வருகிறோம். அங்கே வந்து இருமினால் டாக்டரிடம் கூட்டிப் போ, இந்த முறை காய்ச்சல் என்று சொல்ல மாட்டேன்.

தொட்டியை இன்று காலை பழையபடி திருப்பி வைத்துவிட்டேன். நான் போட்ட கோட்டை அழித்து, உன் கோடு இருந்த இடத்தில் திரும்பப் போட்டேன். வெந்த பக்கத்தைப் போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், நீ படித்தவன், உனக்கு இன்னும் அதிகம் புரியும். நடுவிலிருந்து ஒரு புது இலை வருகிறது. நுனியில் குடுவை இன்னும் பொத்தான் அளவுதான். என்ன நிறத்தில் வரும் என்று பார்க்க வேண்டும்.

கவருக்குள் துணியாக ஒன்று இருக்கும். அந்தச் சின்னத் துண்டுதான். உன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் ஆணியிலிருந்து எடுத்தேன். அங்கே பாப்பாவுக்குப் பால் குடித்தபின் வாய் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வெயிலில் போட்டு நன்றாகக் காய வைத்திருக்கிறேன்.

உன் அப்பா